காபரேட்டருக்குள் எறும்பு

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் தேநீருக்குச் சீனி போட்டுக்கொள்வதில்லை. டொக்டர் தடுக்கவில்லை. சலரோகமும் இல்லை. இனிப்பு நாக்கில் பட்டால் பெற்றோல் மணக்கிறது... அவ்வளவுதான்.

"இந்த மனுசனுக்குக் கிழமைக்கொரு பைத்தியம்" என்கிறாள் வீட்டுக்காரி. இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இன்னும் முழுவதும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

சிரிக்கலாம் என்று இந்தப் பத்திரிகைப் பத்திக்கு வருகிறவர்கள் இந்த வாரம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். கோபிக்க மாட்டேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது ஒரு வீட்டுக்குள் நடந்த விஷயம். அந்த வீட்டுப் பெண் "எழுதுங்கோ" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என்னுடைய பழைய இரும்புப் பித்து உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் இராணுவ மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டிய கை இது. யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். நான் கிளிநொச்சிக்கு வந்து வயல் செய்கிறேன், இடைக்கிடை பேனாவும் பிடிக்கிறேன். ஆனாலும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் எந்தக் கொட்டிலில் எந்தப் பழைய வண்டி இருமினாலும் ஆள் என் வாசல் படலைக்குத்தான் வருகிறது. எழுத்தாளன் என்று தேடி ஒருவரும் வருவதில்லை. அது வேறு துக்கம்.

சித்திரை வருஷம் பிறந்து இரண்டாம் கிழமை, ஒரு சனிக்கிழமை காலை. தம்பையா என்று ஒருவர் வந்தார். சாவகச்சேரிப் பக்கத்து ஆள். சலவை வேட்டி, தோளில் மடித்த சால்வை. கதிரையில் உட்காரும்போதே தீர்மானத்தோடு உட்காருகிற சிலர் இருப்பார்கள் அல்லவா? அந்த ரகம்.

"அண்ணை, விசுவமடுவிலை ஒரு மோட்டச்சைக்கிள் கிடக்கு. போன ஆவணியிலை நிண்டது. பிறகு ஓடேல்லை. நீங்கள்தான் ஸ்டார்ட் பண்ணித் தரவேணும்."

"ஆரின்ரை வண்டி?"

"நான் குடுத்த வண்டி. தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு அவளின்ரை புருசனுக்குக் குடுத்தனான். நாளைக்குத் தங்கச்சியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன். வண்டியையும் கொண்டுபோறன்."

கொடுத்த வண்டியைத் திருப்பி எடுப்பது தெரியும். கொடுத்த தங்கையைத் திருப்பி எடுப்பதா? நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்.

தங்கையின் பெயர் மங்கை என்று வைத்துக்கொள்வோம். புருஷன் செல்வராசா. கலியாணமான புதிதிலேயே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்தவர்கள். காடு வெட்டி, வரம்பு கட்டி, நெல் விதைத்து, ஒரு பெண் குழந்தையும் பிறந்து, ஐந்து வயதாகிவிட்டது. போன ஆவணியில் குழந்தைக்குக் காய்ச்சல். மத்தியானம் வலிப்பும் வந்துவிட்டது. செல்வராசா மோட்டார் சைக்கிளை எடுத்தார். மங்கை பின்னால் ஏறிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

தருமபுரம் தாண்டி ஒரு காட்டுத் துண்டு இருக்கிறதல்லவா... அங்கே வண்டி நின்றுவிட்டது. உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று அந்த றோட்டில் யாரைக் கேட்பது? கடைசியில் நெல்லு மூட்டை ஏற்றிய ஒரு ட்ராக்டர் வந்தது. மூட்டைகளுக்கு மேல் தாயையும் பிள்ளையையும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பிள்ளை இல்லை.

"உவன் வண்டியைப் பாக்கேல்லை, அண்ணை!" தம்பையாவின் குரல் உயர்ந்தது. "வயல் வயல் எண்டு திரிஞ்சவன். ஒரு சேர்விஸ் இல்லை, ஒரு துடைப்பு இல்லை. அந்தப் பழைய இரும்பை நம்பிப் பிள்ளையை ஏத்தினவன்."

அந்தப் பழைய இரும்பைக் கொடுத்தவர் யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்சாதியும் பேசுவதில்லையாம். ஒரே வீடுதான். மங்கை சமைத்து மூடி வைப்பார், செல்வராசா எடுத்துச் சாப்பிடுவார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டுக்கு வருகிற மூன்றாவது ஆளிடம் சொல்வார்களாம். மூன்றாவது ஆள் வராத நாளில் என்ன செய்வார்கள்? சொல்லாமலே இருந்துவிடுவார்கள் போலும்.

"நீங்கள் கழட்டினால் என்ன பழுது எண்டு தெரியுமல்லோ? அதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. அவளும் தெரிஞ்சுகொண்டு வரட்டும். பிறகு 'அவர் பாவம், அவர் பாவம்' எண்டு திரும்பி ஓடக் கூடாது."

அப்போதே விளங்கிவிட்டது. என்னை மெக்கானிக்காக அழைக்கவில்லை, நீதவானாக அழைக்கிறார். நான் மறுத்திருக்க வேண்டும். ஏன் மறுக்கவில்லை? அடுத்ததாக அவர் சொன்ன ஒரு வசனம்தான் காரணம்.

"ரெண்டு காபரேட்டர் உள்ள வண்டி, அண்ணை."

இரட்டைச் சிலிண்டர், இரட்டைக் காபரேட்டர்! யுத்தத்துக்கு முந்திய வண்டி. இலங்கையில் இப்போது எத்தனை மிஞ்சியிருக்கும்? எனக்கு வாய் ஊறிவிட்டது. ஒரு குடும்பம் உடைகிற கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனுஷனுக்கு இப்படி வாய் ஊறுமா? ஊறும். மனுஷன் அப்படிப்பட்ட பிராணிதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். படலையில் மாட்டுவண்டி நின்றது. ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாய்ச் சுருளும் ஏற்கெனவே ஏறிவிட்டன. மங்கை குசினிக்குள். தம்பையா முற்றத்தில். செல்வராசா கொட்டிலின் வாசலில் குறுக்கே நின்றார்... மெலிந்த மனிதர், சவரம் செய்து பல நாள் இருக்கும்.

"ஐயா, அது ஓடாது. கழட்டி மினக்கெடாதேங்கோ."

"ஓடாத வண்டியைப் பாக்கத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்?"

"எஞ்சின் பழுதாப்போட்டுது, ஐயா. மாட்டுவண்டியிலை ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ. அப்படியே கொண்டுபோகட்டும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"பாத்தியளோ?" என்றார் தம்பையா என் காதருகே. "கழட்டினால் தன்ரை வண்டவாளம் வெளியிலை வந்திடும் எண்டு பயப்பிடுறான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. செல்வராசாவை மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனேன்.

வண்டியின் மேல் சாக்கு. சாக்கை இழுத்தேன்... அப்படியே நின்றுவிட்டேன். பெற்றோல் டாங்கில் என் முகம் தெரிகிறது! சங்கிலியில் எண்ணெய். சக்கரக் கம்பி ஒவ்வொன்றும் துடைத்திருக்கிறது. இதுவா பராமரிக்காத வண்டி? திருகோணமலையில் எங்கள் வெள்ளைக்காரத் துரை பார்த்திருந்தால் செல்வராசாவுக்குப் பதவி உயர்வு கொடுத்திருப்பார்.

இரண்டு விஷயம் மட்டும் உறுத்தின. வண்டியைச் சுற்றி நிலத்தில் சாம்பல், தடிப்பாக, ஓர் இடைவெளி இல்லாமல் போட்டிருந்தது. மற்றது, உடம்பெல்லாம் மினுங்குகிற வண்டியில் அந்த இரண்டு காபரேட்டர்கள் மட்டும் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. அவற்றின் திருகாணிகளில் திருப்புளி பட்ட அடையாளமே இல்லை. ஓடாமல் போன வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறவர் காபரேட்டரைத் திறந்தே பார்க்கவில்லையா? நின்றுபோன வண்டியில் முதலில் திறப்பதே அதைத்தானே?

மோட்டார் சைக்கிள் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காபரேட்டர் என்பது எஞ்சினின் மூக்கும் வாயும். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. அடியில் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெற்றோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து வாசலை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து பெற்றோல் மேலே போவது ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் ஓட்டை வழியாக. எவ்வளவு ஓட்டை? ஒரு குண்டூசி போகாது. அந்த ஓட்டையில் ஒரு தூசி நின்றால் போதும், யானை மாதிரி எஞ்சினும் படுத்துவிடும்.

இரண்டு காபரேட்டர் என்றால் இன்னும் சிக்கல். இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய என்றால் வண்டி நடுங்கும். ஆனால் ஒரு நன்மை உண்டு. ஒன்று அடைத்தாலும் மற்றதால் நொண்டி நொண்டியாவது வீடு போய்ச் சேரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் அடைப்பது அபூர்வம்.

சாக்கை விரித்து உட்கார்ந்தேன். இரண்டையும் கழற்றி எடுத்தேன். செல்வராசா கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பையா ஒரு முக்காலி போட்டு, வழக்குக் கேட்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

முதல் கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே கறுத்த மண்ணிறத்தில் ஏதோ பிடித்திருந்தது.

"பழைய பெற்றோல் காஞ்சு பிசினாகியிருக்கு" என்றேன்.

"ஓம், ஐயா. அதுதான். பிசின்தான்." செல்வராசா அவசரமாகச் சொன்னார். அவர் சொந்தமாக வாய் திறந்து சந்தோஷமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பிசின் என்றால் பெற்றோலில் ஊறப்போட்டுத் தேய்த்தால் இளகும். ஊறப்போட்டேன். தேய்த்தேன். இளகவில்லை. மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஊசி நன்றாக இருந்தது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை, முழு அடைப்பு. இரண்டாவது கிண்ணத்தைத் திறந்தேன். அதே மண்ணிறப் பூச்சு. ஆனால் அதில் வேறு ஒன்றும் இருந்தது. அடியில் ஒட்டியபடி, செத்துக் காய்ந்த எறும்புகள், ஒரு கூட்டம்.

எறும்பா? காபரேட்டருக்குள்ளா? இத்தனை வருஷத்தில் குளவிக் கூடு பார்த்திருக்கிறேன். ஒருமுறை பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். எறும்பு பார்த்ததில்லை. பெற்றோல் மணத்துக்கு முப்பது அடி தள்ளிப் போகிற ஜீவன் அது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன தம்பி செல்வராசா, எறும்புக்கும் மோட்டச்சைக்கிள் ஓடப் பழக்கினியளோ?"

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். செல்வராசாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் கண் கும்பிட்டது. பேசாதே என்றது. தலையை இலேசாக, மிக இலேசாக அசைத்தார். கண்ணை என்னிடமிருந்து எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

பின்னால் மங்கை தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றார்.

"எறும்போ?" என்றார்.

"எறும்பு எங்கைதான் போகாது, ஐயா?" என்றார் செல்வராசா. பதில் மனைவிக்கு. சொன்னது எனக்கு. "பழைய கொட்டில். எல்லாப் பூச்சியும்தான் வரும். கழுவி ஊத்துங்கோ. கெதியா ஊத்துங்கோ."

குசினி நடத்துகிற பெண்ணிடம் எறும்பைப் பற்றி யாராவது கதைவிடலாமா? எறும்பு எதற்கு வரும், எதற்கு வராது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மங்கை தேத்தண்ணீரை நிலத்தில் வைத்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். சுட்டுவிரலால் அந்த மண்ணிறத்தைச் சுரண்டினார். மணந்து பார்த்தார். தேத்தண்ணீரின் சூட்டில் விரலை ஒருமுறை நனைத்தார். அது இளகியது. நாக்கில் வைத்தார்.

நான் தடுத்திருக்கலாம். பெற்றோல் நஞ்சு என்று சொல்லியாவது தடுத்திருக்கலாம். எனக்கு அந்த நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை.

"தேன்" என்றார்.

தம்பையா முக்காலியிலிருந்து எழும்பினார். "என்ன தேன்? மோட்டச்சைக்கிளுக்குள்ளை ஆர் தேன் விட்டது?"

மங்கை யாரையும் பார்க்காமல் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். இடையில் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

விசுவமடுவில் பெற்றோல் விற்கிற இடம் கிடையாது. மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டில் ஒரு பெற்றோல் டின்னும் இருக்கும். கிளிநொச்சிக்குப் போகும்போது நிரப்பி வருவார்கள். இவர்களிடம் யுத்தகாலத்து டின் இரண்டு, ஒரே மாதிரி. ஒன்று பெற்றோலுக்கு. மற்றது பெற்றோல் படாதது, சும்மா கிடந்தது. வைகாசி, ஆனியில் காட்டுத் தேன் எடுத்து வருகிறவர்களிடம் மங்கை ஊருக்கு அனுப்பத் தேன் வாங்கினார். போத்தல் போதவில்லை. மிச்சத்தை அந்த இரண்டாவது டின்னில் ஊற்றி வைத்தார். யாருக்கு அனுப்ப? அண்ணன் வீட்டுக்கு. சாவகச்சேரிக்கு. ஆடியில் போத்தல் கிடைத்ததும் ஊற்றி அனுப்பியாயிற்று.

"ஆவணியிலை பெற்றோல் டின் அடியிலை ஒழுகிச்சுது. இவர் கிளிநொச்சிக்குப் போக வெளிக்கிட்டவர். நான்தான் தேன் இருந்த டின்னை எடுத்துக் குடுத்தனான். கிணத்திலை தண்ணி இல்லை... வாளி அடியிலை முட்டுற காலம். கழுவேல்லை. துணியாலை துடைச்சு வெயிலிலை வைச்சனான். காஞ்சிட்டுது எண்டு நினைச்சன்."

தேன் பெற்றோலில் கரையாது. மூலையில் ஒட்டியிருந்தது, பெற்றோலோடு கிறவல் றோட்டில் குலுங்கிக் கழன்றிருக்கும். பிள்ளைக்கு வலிப்பு வந்த அவசரத்தில் டின்னைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் டாங்கில் ஊற்றியிருக்கிறார்கள். பாரமான சாமான். டாங்கின் அடிக்கு வந்து, குழாயில் இறங்கி, இரண்டு கிண்ணத்துக்கும் பங்கிட்டுப் போய், இரண்டு ஜெட்டையும் அடைத்திருக்கிறது. விசுவமடுவிலிருந்து தருமபுரம் தாண்டும் வரைக்கும் அதற்கு நேரம் எடுத்திருக்கிறது.

இதை நான் வாய்விட்டு விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவும் இல்லை.

மங்கை திரும்பினார். மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத புருஷனை நேரே பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

செல்வராசா காலால் சாம்பலைத் தள்ளிச் சரிசெய்தார்.

"கேக்கிறன். எப்ப தெரியும்?"

"அண்டைக்கே" என்றார். "றோட்டிலை பெற்றோல் குழாயைக் கழட்டி வாயிலை வைச்சு ஊதினனான். இனிச்சது."

இனித்தது! பக்கத்தில் மடியில் பிள்ளையோடு பெண்சாதி. முன்னால் காடு. இந்த மனிதரின் வாயில் தேன். அந்த இடத்திலேயே முடிவு எடுத்திருக்கிறார், இதை இவளுக்குச் சொல்வதில்லை என்று. பிறகு ஊர் பேசியது, மச்சான் பேசினார், பெண்சாதி பேசாமல் விட்டார். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டு, எறும்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று சாம்பல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். காபரேட்டரைக் கழுவியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். "பிள்ளையின்ரை உயிர் நிண்ட இடம், ஐயா. என்னாலை கை வைக்க முடியேல்லை" என்றார். அவர் 'இனிச்சது' என்றபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், அந்த மச்சான்மார் இருவருக்கும் முன்னால், எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் மங்கை. "நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சன்..."

"நினைச்சால் என்ன? நான் தாங்குவன். நீ தாங்கமாட்டாய்."

தம்பையா சால்வையை எடுத்தார், மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். அந்தத் தேன் போய்ச் சேர்ந்த வீடு அவருடையதல்லவா? அவர் தேநீரிலும் பலகாரத்திலும் அது கரைந்திருக்கும். "சரி... விடுங்கோ. நடந்தது நடந்துபோச்சு. அண்ணை, உதை அப்படியே சாக்கிலை கட்டுங்கோ. எனக்கு வண்டி வேண்டாம்" என்றார்.

நானும் சாக்கை எடுத்துவிட்டேன். சாவி, திருப்புளி எல்லாவற்றையும் பொறுக்கத் தொடங்கினேன்.

"பூட்டுங்கோ, ஐயா" என்றார் மங்கை.

"என்ன பிள்ளை?"

"கழுவிப் பூட்டுங்கோ. ஸ்டார்ட் பண்ணுங்கோ. நான் பாக்கவேணும்."

"வேண்டாம், மங்கை" என்றார் செல்வராசா.

"உது ஒண்டாலைதான் நிண்டதோ, வேறை ஏதும் பழுதோ... எனக்குத் தெரியவேணும்."

மங்கையே குசினிக்குள் போய்ச் சருவச்சட்டியில் கொதிதண்ணீர் கொண்டுவந்தார். பெற்றோலுக்கு அசையாமல் இருந்த பூச்சு கொதிதண்ணீரில் நிமிஷத்தில் கரைந்தது. எறும்புகள் மிதந்து மேலே வந்தன. அந்தத் தண்ணீரைப் பூமரத்துக்கு ஊற்றுவதா, றோட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றுவதா என்று தெரியாமல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் செல்வராசா. பிறகு வேலிக்கு வெளியே கொண்டுபோனார்.

ஜெட்டுக்குள் கம்பி விடக் கூடாது, ஓட்டை பெருத்துவிடும். ஊதித்தான் எடுக்க வேண்டும். ஊதினேன். ஒருமுறை, இன்னொருமுறை. திடீரென்று அடைப்பு விட்டுக் காற்றுப் போனது. என் வாயும் இனித்தது. இனிப்பும் பெற்றோலும் கலந்த அந்த ருசியை எழுதத் தெரியவில்லை. துப்பவும் மனம் வரவில்லை.

வழக்கமாக இந்த வேலை எனக்குத் திருவிழா. பித்தளை பளபளவென்று வரும்போது ஒரு சந்தோஷம். வட்டமாகத் தடித்த கடதாசி வெட்டி இடையில் வைக்கும்போது ஒரு சந்தோஷம். இரண்டு காபரேட்டரும் ஒரே கணத்தில் திறக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கும்போது இன்னொரு சந்தோஷம். அன்றைக்கு ஒன்றும் இல்லை. பிரேத அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலும். அந்த முழு நேரமும் மங்கை கொட்டில் வாசலில் குந்தியிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டப் பூட்ட எனக்குள் ஒரு வேண்டுதல். உங்களிடம் மறைப்பானேன்? வேறு ஒரு பழுது இருக்க வேண்டும் என்று வேண்டினேன். நெருப்புப் பொறி வராமல் இருக்கட்டும். வால்வு இறுகியிருக்கட்டும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கட்டும். ஏதாவது... வண்டி எப்படியும் நின்றுதான் இருக்கும் என்று சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று. எத்தனையோ வண்டிக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன், ஓட வேண்டும் என்று. ஓடக் கூடாது என்று நேர்ந்தது இதுதான் முதல் தடவை. பொறியைப் பார்த்தேன். நீலமாக, பெரிதாக, அழகாக வந்தது. கொண்டுபோயிருந்த புதுப் பெற்றோலை ஊற்றினேன். டாங்கை முதலே கழுவியாயிற்று.

பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன். உதைக்கிற மாதிரி உதைத்து, "இல்லைப் பிள்ளை, எஞ்சினும் போட்டுது" என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? செல்வராசா அதைத்தான் எதிர்பார்த்தார். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை உதை உதைப்பது என்று தீர்மானித்துத்தான் ஏறினேன்.

அரை உதைக்கே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இரட்டைச் சிலிண்டரும் ஒரே சீராக, ஒரு இருமல் இல்லாமல், ஒரு நடுக்கம் இல்லாமல். அப்படிப் பராமரித்திருக்கிறார் மனிதர்! நான் கழற்றிப் பூட்டிய எஞ்சின்களில் இத்தனை அழகாக ஓடியது வேறு ஒன்றும் இல்லை. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

நிற்பாட்டக் கை போனது. "நிக்கட்டும், ஐயா" என்றார் மங்கை. எழும்பி வந்து கிட்ட நின்று கேட்டார். கண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. செல்வராசாதான் கை நீட்டி நிற்பாட்டினார்.

மெக்கானிக் வேலையில் பழுது எங்கே என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எஞ்சினுக்கு அது சரி. வீடுகளில் நாம் ஏன் இப்படிப் பழுதைத் தேடி அலைகிறோம்? யாரில் பிழை, யாரில் பிழை என்று... கண்டுபிடித்து யாருக்கு என்ன கிடைத்தது? தம்பையாவுக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. கிடைத்தது. அதன் பாரத்துக்கு அவர் இரண்டு மாட்டுவண்டி கொண்டு வந்திருக்க வேண்டும்.

மங்கை ஊருக்குப் போகவில்லை. தானே போய் மாட்டுவண்டியிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். பாய்ச் சுருளைச் செல்வராசா இறக்கினார். இதை நல்ல முடிவு என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் இப்போது பேச்சு இருக்கிறது. ஆனால் முன்பு ஒருவரில் இருந்த பாரம் இப்போது இரண்டு பேரிலும் இருக்கிறது. பகிர்ந்தால் பாரம் குறையும் என்று சொல்கிறவர்கள் விசுவமடுவுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நான் புறப்படும்போது படலைவரை வந்தார் மங்கை.

"ஐயா, நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்களல்லோ?"

"உதைப் பற்றி எழுதமாட்டன், பிள்ளை. பயப்பிடாதேங்கோ."

"இல்லை, எழுதுங்கோ. இனித் தேன் காலம். எல்லா வீட்டிலையும் உந்த டின் கிடக்கு. கழுவச் சொல்லி எழுதுங்கோ. தண்ணி இல்லாட்டி, அடுத்த வீட்டிலை கடன் வாங்கியாவது கழுவச் சொல்லி எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். அந்த மோட்டார் சைக்கிளில் இப்போது ஒரு பழுதும் இல்லை. ஏறி ஓடத்தான் அந்த வீட்டில் ஆளில்லை.